நாலு இயக்கம், ஒரு படம், பத்து மாதம்: ஈ.என்.எல்.எஃப் கதையைத் தப்பில்லாமல் பேசத் தயாராவது எப்படி

போன வருடம் எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில், ஈழ இயக்கங்கள் கொஞ்ச காலம் ஒன்றாக இருந்த கதையைப் பேச முடியுமா என்று கேட்டார்கள், யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். தல்லாகுளம் பக்கம் ஒரு மொட்டைமாடி, மேலே தகரக் கொட்டகை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, இடையில் இஞ்சி டீ, இவ்வளவுதான் எங்கள் வட்டம். நாற்பது நிமிடம் மடமடவென்று பேசி முடித்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், 1990-ல் படகேறி மண்டபம் வந்து அங்கிருந்து மதுரைப் பக்கம் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். எழுந்து நின்று, "தம்பி, நல்லாக் கதைச்சீங்கள். ஆனால் திகதி பிழை. அது தொடங்கினது சித்திரைக் கடைசி" என்றார்.

விடுதலைப் புலிகள் தங்கள் கூட்டாளியான டெலோ இயக்கத்தைத் தாக்கத் தொடங்கிய தேதியை நான் மே முதல் வாரம் என்று சொல்லியிருந்தேன். சித்திரைக் கடைசி என்றால் நமக்கு மே பத்து, பதிமூன்று ஆகிவிடுமே, இவர் இன்னும் தள்ளிக்கொண்டு போகிறாரே என்று நினைத்து, "இல்லைங்கய்யா, அவ்வளவு லேட்டாக இல்லை" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் உறைத்தது. இலங்கைத் தமிழர் பேச்சில் சித்திரை என்பது பெரும்பாலும் ஏப்ரல், வைகாசி மே, ஆடி ஜூலை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை அவர்கள் ஆடிக் கலவரம் என்பார்கள். அவர் சொன்னது 1986 ஏப்ரல் 29. அவர் சரி, நான் தப்பு, போதாக்குறைக்கு மைக்கில் தப்பு.

அதற்கப்புறம் ஒழுங்காக உட்கார்ந்து தயாரித்து இரண்டாவது முறை பேசினேன். அப்போது கண்டுபிடித்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். கல்லூரியில் செமினார் எடுப்பவர்கள், வாசிப்பு வட்டத்தில் பேசுபவர்கள், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் யாருக்கும் உதவும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கம். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்ட அடுத்த வருடம், 1984 ஏப்ரலில், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப், ஈரோஸ் என்ற மூன்று ஆயுத இயக்கங்கள் ஈழ தேசிய விடுதலை முன்னணி என்று ஒரு கூட்டு அமைத்தன. அதுதான் ஈ.என்.எல்.எஃப். 1985 ஏப்ரல் 10-ல் சென்னையில் விடுதலைப் புலிகளும் அதில் சேர்ந்தார்கள். 1986 பிப்ரவரியில் புலிகள் வெளியேறினார்கள். ஏப்ரல் 29-ல் கூட்டாளியாக இருந்த டெலோவை யாழ்ப்பாணத்தில் அழிக்கத் தொடங்கினார்கள். மே 6-ல் டெலோ தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கோண்டாவிலில் சுட்டுக் கொன்றார்கள். நாலு பேராக இருந்த கூட்டு தாங்கியது ஏறக்குறைய பத்து மாதம்.

பெயர்களில் விழாமல் இருக்க

இந்தக் கதையில் எல்லோரும் முதலில் விழுகிற குழி பெயர்தான். தேடும்போது இரண்டு எழுத்துமுறையிலும் தேடுங்கள். நாம் டெலோ என்று எழுதுவதை இலங்கைத் தமிழர்கள் ரெலோ என்று எழுதுவார்கள், டயரை ரயர் என்று எழுதுகிற மாதிரி. கூட்டில் சேராத இன்னொரு இயக்கத்தை நாம் பிளாட் என்போம், அவர்களுக்கு அது புளொட். சிறீ, ஸ்ரீ, சிறி மூன்றும் ஒரே ஆள்தான். ஈரோஸ் தலைவர் பெயர் ஓரிடத்தில் பாலகுமார், ஓரிடத்தில் பாலகுமாரன். இதைத் தெரியாமல் டெலோ என்று மட்டும் தட்டித் தேடினால் தமிழ்நாட்டில் எழுதியது மட்டும்தான் கிடைக்கும், அங்கே இருந்து எழுதப்பட்டதில் பாதி கண்ணிலேயே படாது.

இன்னொரு பொறி உண்டு. இலங்கைக் கட்டுரையில் "கூட்டணி" என்று வந்தால் அது இந்த நாலு இயக்கக் கூட்டு இல்லை. அமிர்தலிங்கம் தலைமையில் இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற தேர்தல் கட்சியைத்தான் அவர்கள் மொட்டையாகக் கூட்டணி என்பார்கள். "கூட்டணிக்காரரைச் சுட்டார்கள்" என்ற வாக்கியத்தை நம்மூர் கண்ணோடு படித்தால் கதையே தலைகீழாகிவிடும். எங்கள் வட்டத்தில் ஒரு தங்கச்சி அப்படித்தான் இரண்டு பக்கம் குறிப்பெடுத்து வைத்திருந்தது, நல்லவேளை பேசுவதற்கு முன்னால் காட்டியது.

அப்புறம் ஒரு வம்சாவளி போட்டுக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுக்கொள்கிற மாதிரி. ஈரோஸ் 1975-ல் லண்டனில் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் பத்மநாபாவின் ஈ.பி.ஆர்.எல்.எஃப். புலிகள் இயக்கத்திலிருந்து 1980-ல் பிரிந்தது உமாமகேஸ்வரனின் புளொட். டெலோவின் மூத்தவர்களான தங்கத்துரையும் குட்டிமணியும் 1983 ஜூலை 25-ல் வெலிக்கடைச் சிறைக்குள் வைத்துக் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பிறகு தலைமை சிறீ சபாரத்தினத்திடம் இருந்தது. ஆக ஒரே முன்னணிக்குள் ஒரு தாய் இயக்கமும் அதிலிருந்து பிரிந்துபோன பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பங்காளித் தகராறு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காலண்டர் பின்பக்கம்

மளிகைக் கடையில் தருகிற மாதக் காலண்டர் தாள் இரண்டை எடுத்துப் பின்பக்கம் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்கள். ஸ்கேல் வைத்து நாலு பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தி யாழ்ப்பாணம், இரண்டாவது கொழும்பு, மூன்றாவது டில்லியும் சென்னையும், நாலாவது மதுரை. மதுரைக்கு எதற்குத் தனிப் பத்தி என்று கேட்காதீர்கள், காரணம் வரும். லேப்டாப்பில் எக்சல் இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் அதிலேயே போடலாம், ஆனால் சுவரில் ஒட்டி நாலு அடி தள்ளி நின்று பார்க்கும்போது தெரிகிற விஷயம் திரையில் தெரிவதில்லை என்பது என் அனுபவம்.

இந்த வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. எந்த நிகழ்ச்சியையும் அது நடந்த இடத்துப் பத்தியில்தான் எழுத வேண்டும், பேசப்பட்ட இடத்தில் இல்லை. 1985 ஏப்ரல் 10 உடன்பாடு ஈழத்தைப் பற்றியதுதான், ஆனால் சென்னைப் பத்தியில் போகும். இப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள், ஒரு கட்டத்தில் உங்களுக்கே கண்ணில் அடிக்கும்: சேர்ந்தது பெரும்பாலும் மூன்றாவது பத்தியில், வெட்டிக்கொண்டது பெரும்பாலும் முதல் பத்தியில். தலைவர்கள் சென்னையில் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு கைகுலுக்க, கோப்பாய்க்கும் நல்லூருக்கும் நடுவில் ஒரு இயக்கத்துப் பையன்கள் இன்னொரு இயக்கத்துச் சைக்கிளைப் பறித்துக்கொண்டிருந்தால் எந்தக் கூட்டறிக்கை நிற்கும்?

மூன்றாவது பத்தியை எழுதும்போது நம்மூர் அரசியலையும் விடாதீர்கள். 1983-க்குப் பிறகு இந்திய உளவுத்துறை இந்த இயக்கங்கள் பலவற்றுக்கும் பயிற்சி கொடுத்தது, அன்றைய உத்தரப்பிரதேச மலைப்பக்கம் சக்ராத்தாவில் நடந்த பயிற்சி எல்லோரும் எழுதிவிட்ட விஷயம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர் புலிகளுக்கு நெருக்கம், டெலோ கலைஞருக்கு நெருக்கம். அந்தப் பிரிவு தெரியாமல் ஈ.என்.எல்.எஃப் பிரிவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைப்பதும் நம் ஊர் வியாதிதான்.

இப்போது மதுரைப் பத்தி. 1982 மே 19, சென்னை பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் நடுத்தெருவில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். பிடித்து வைத்து, பிறகு நிபந்தனை ஜாமீன் கொடுத்தபோது உமா சென்னையில் இருக்க வேண்டும், பிரபாகரன் மதுரையில் இருக்க வேண்டும் என்று ஆனது. இரண்டு பேரையும் ஒரே ஊரில் வைக்கக்கூடாது என்ற அந்தச் சாதாரண ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு 1985-ல் எடுத்த தலைவர்கள் புகைப்படத்தைப் பாருங்கள். பிரபாகரன், சிறீ சபாரத்தினம், பத்மநாபா, பாலகுமாரன் நாலு பேரும் கைகோத்து நிற்பார்கள். உமாமகேஸ்வரன் இருக்க மாட்டார். புளொட் கடைசிவரை உள்ளே வரவேயில்லை. குரூப் போட்டோ பார்க்கும்போது யார் சிரிக்கிறார்கள் என்பதை விட யார் இல்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை, கல்யாண ஆல்பத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்து 1986. இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. ஏப்ரல் 29 செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்தில் புலிகள் டெலோ முகாம்களைத் தாக்கத் தொடங்கினார்கள், அங்கே அப்போது புலிகளின் தளபதி கிட்டு. மே 4 ஞாயிறு, மதுரையில் டெசோ, அதாவது தமிழீழ ஆதரவாளர் அமைப்பின் மாநாடு. கலைஞர் கூட்டியது, வாஜ்பாய் வந்தார், என்.டி.ராமராவ் வந்தார், ஈழத் தமிழருக்காக அகில இந்தியத் தலைவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். மே 6 செவ்வாய், சிறீ சபாரத்தினம் கொலை. செவ்வாய் முதல் செவ்வாய் வரை எட்டு நாள், அதற்குள்ளே நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை. நாலாவது பத்தி எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். பின்னாளில் கலைஞர் இந்தச் சகோதர யுத்தத்தை எத்தனையோ தடவை சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அந்தப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் அரசியல் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான், இந்தத் தாளைப் போட்டபிறகு கொஞ்சம் நிதானித்தேன்.

அடுப்பு எத்தனை?

கூட்டறிக்கை ஒன்றைப் படிக்கும்போது அதில் என்ன சேர்ந்து சொன்னார்கள் என்பதை எல்லோரும் அடிக்கோடு போடுவார்கள். நீங்கள் இன்னொரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு இயக்கமும் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். ஈ.என்.எல்.எஃப்-ல் இலட்சியம் ஒன்று: தனி ஈழம், ஆயுதப் போராட்டம், கூடவே சோசலிசம். ஆனால் துப்பாக்கி தனித்தனி, பணம் தனித்தனி, முகாம் தனித்தனி, ஆள் சேர்ப்பு தனித்தனி, யாழ்ப்பாணத்தில் இந்தத் தெரு யாருடையது என்பதுகூடத் தனித்தனி. ஒரே பந்தல், உலை நாலு. கூட்டுக் குடும்பம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே நாலு தனிக்குடித்தனம் நடத்துகிற வீடுகளை நாம் பார்த்ததில்லையா என்ன? என்னைக் கேட்டால் இந்தக் கூட்டு உடைந்தது 1986-ல் இல்லை, உலையைப் பொதுவாக வைக்காமல் விட்ட 1985 ஏப்ரல் அன்றே அது கூட்டறிக்கையாக மட்டும் தங்கிவிட்டது. இதை யாராவது மறுத்துப் பேசினால் சந்தோஷமாகக் கேட்பேன், இரண்டாவது கூட்டத்தில் ஒரு அண்ணன் மறுத்துப் பேசவும் செய்தார், அரை மணி நேரம்.

அவர் கையில் எடுத்தது திம்பு. நியாயமான உதாரணம்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே தயாரித்துக்கொள்ளுங்கள். 1985 ஜூன் 18-ல் சண்டை நிறுத்தம். இந்தியா பிடித்து இழுத்துக்கொண்டு வந்த பேச்சுவார்த்தை, இடம் பூட்டான் தலைநகர் திம்பு. முதல் சுற்று ஜூலை 8 முதல் 13 வரை, இரண்டாவது ஆகஸ்ட் 12 முதல் 17 வரை. இலங்கை அரசுக் குழுவுக்குத் தலைவர் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவின் தம்பி எச்.டபிள்யூ.ஜெயவர்த்தனா. தமிழர் பக்கம் ஈ.என்.எல்.எஃப் இயக்கங்கள் நாலு, வெளியே இருந்த புளொட், தேர்தல் கட்சியான கூட்டணி, ஆக ஆறு தரப்பு. இயக்கத் தலைவர்கள் யாரும் நேரில் போகவில்லை, இரண்டாம் நிலை ஆட்களைத்தான் அனுப்பினார்கள், சென்னையில் இருந்த தலைவர்களோடு பேசிக்கொள்ள ஹாட்லைன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜூலை 13 அன்று ஆறு தரப்பும் சேர்ந்து நாலு கோட்பாடுகளை முன்வைத்தார்கள்: இலங்கைத் தமிழர் ஒரு தனித் தேசிய இனம், அவர்களுக்கு என்று தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, தீவில் வாழும் தமிழர் எல்லோருக்கும் குடியுரிமை வேண்டும். நாலாவது மலையகத் தமிழரையும் சேர்த்துச் சொன்னது, அதை விட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஆறு பேரும் ஒரே குரலில் பேசிய இடம் அது ஒன்றுதான், அண்ணன் சொன்னது சரி. இரண்டாவது சுற்றின்போது வவுனியாப் படுகொலைச் செய்தி வந்து தமிழர் தரப்பு எழுந்து வந்துவிட்டது, அதுவும் சேர்ந்தேதான். ஆனால் தாளில் அடுத்த வரிக்கு வாருங்கள். 1985 செப்டம்பர் 2, யாழ்ப்பாணத்தில் கூட்டணியின் முன்னாள் எம்.பி.க்கள் ஆலாலசுந்தரமும் தர்மலிங்கமும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். பழி டெலோ மீது விழுந்தது. அந்தத் தர்மலிங்கத்தின் மகன் சித்தார்த்தன் இரண்டு வாரம் முன்பு வரை திம்புவில் புளொட் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர், டெலோக்காரர்களோடு ஒரே மேசையில். இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

1986 மார்ச்சையும் ஒரு வரியில் தொட்டுவிடுங்கள். டெலோவுக்குள்ளேயே மோதல் வந்து, தாஸ் என்ற முக்கியமான தளபதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சொந்த இயக்கத்தின் எதிர்க் கோஷ்டியால் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் புலிகள் வந்தபோது எதிரே இருந்தது ஏற்கெனவே இரண்டாக உடைந்த இயக்கம். இதைச் சொல்வது புலிகள் செய்ததற்கு நியாயம் கற்பிப்பது ஆகாது, ஆனால் சொல்லாமல் விட்டால் ஒரு பக்கம் வெறும் பலியாடாகவும் இன்னொரு பக்கம் வெறும் அரக்கனாகவும் நின்றுவிடும்.

பட்டார், பட்டார், பட்டார்

நான் முதல் முறை எழுதி வைத்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "சபாரத்தினம் கொல்லப்பட்டார். டெலோ தடை செய்யப்பட்டது. பலர் பிடிக்கப்பட்டனர்." யார் கொன்றது, யார் தடை செய்தது, யார் பிடித்தது, ஒன்றும் இல்லை. தமிழில் இந்த "பட்டார்" இருக்கிறதே, ஆளை மறைக்க அது மாதிரி வசதி வேறு இல்லை. மேடையில் பேசுகிறவருக்கு யாரையும் புண்படுத்தாமல் தப்பிக்கலாம் என்று தோன்றும். இந்தக் கதையில் அது செல்லாது. குறிப்பு எழுதி முடித்ததும் பென்சில் எடுத்து எல்லாப் "பட்டார்"களையும் வட்டம் போட்டு, செய்தவர் யார் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் பெயரோடு மாற்றி எழுதுங்கள். ஒரு தரப்பு மட்டும் சொல்வதாக இருந்தால் "என்று இன்னார் சொல்கிறார்கள்" என்று சேருங்கள். மேலே நானே இரண்டு மூன்று இடத்தில் "கொல்லப்பட்டார்" போட்டிருக்கிறேன், கண்டுபிடித்துத் திட்டலாம்.

துரோகி, தியாகி இரண்டையும் முழுக்க ஒதுக்கி வையுங்கள். அந்த இரண்டு சொல்லையும் எல்லா இயக்கமும் எல்லா இயக்கத்தையும் பார்த்துச் சொல்லியிருக்கிறது. மேற்கோளாக வந்தால் வரட்டும், உங்கள் வாயிலிருந்து வேண்டாம்.

எதைப் படிப்பது? நூலகம் என்ற இணைய ஆவணத் தளத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள், இயக்க வெளியீடுகள் ஏராளமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசம். நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஏசி போட்ட இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குறிப்பெடுக்கலாம், மே மாத மதுரை வெயிலில் அதுவே பாதி உற்சாகம். ஆனால் ஒரு இயக்கத்து ஆள் எழுதிய நினைவுக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு மேடை ஏறாதீர்கள். குறைந்தது மூன்று தரப்பு வேண்டும்: புலிகள் பக்கம் ஒன்று, அவர்களால் அடிபட்ட இயக்கத்திலிருந்து ஒன்று, யாழ்ப்பாணத்தில் இயக்கத்துக்கு வெளியே இருந்து பார்த்தவர்கள் எழுதியது ஒன்று. நான் வைத்திருக்கிற அளவுகோல் சுலபமானது, ஒருவர் தன் பக்கத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்கிறார் என்றால் அந்த வரிக்குத்தான் முதல் மரியாதை. டெலோவில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கை ஒவ்வொருவர் கணக்கிலும் மாறும், நூற்றைம்பதிலிருந்து நானூறு வரை போகும். ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், இன்னார் கணக்கில் இவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

நம் ஊர்ப் பெரியவர்களிடம் டெசோ மாநாட்டைப் பற்றிக் கேட்பது சுலபம். "1986 மே 4" என்று தேதி சொல்லிக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. அந்த வருடம் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 24. அழகர் ஆற்றில் இறங்கின திருவிழா முடிந்து அடுத்தடுத்து வந்த மாநாடு என்று எடுத்துக் கொடுங்கள், அவர்களே என்.டி.ஆர் வந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்கள் பெரியப்பா என்.டி.ஆரின் காவி உடையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். பேசட்டும், குறுக்கிடாதீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?" அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்துவிட்டு, "அரசல்புரசலாக் காதுல விழுந்துச்சுப்பா, நம்பலை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக மிச்சத்தையெல்லாம் கேட்டது வீண்போகவில்லை.

ஈழத்திலிருந்து வந்தவர்களிடம் கேட்பது வேறு மாதிரி. மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூரில் முகாம்கள் இருக்கின்றன. வெளியாட்கள் நினைத்தபோது உள்ளே போய்வர முடியாது, அனுமதி வேண்டும், போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் பார்வையும் உண்டு. நீங்கள் ஆர்வக்கோளாறில் போய் நின்று கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடுவீர்கள், மறுநாள் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அதனால் தெரிந்தவர் மூலமாக, வெளியே, அவர்களுக்குத் தோதான இடத்தில் பாருங்கள். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். "நீங்க எந்த இயக்கம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி உயிரை விட்டவர்கள் இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். போனை மேசைமேல் வைத்து ரெக்கார்டு போடாதீர்கள். தேத்தண்ணி வரும், குடியுங்கள். ஊர் எது, வீட்டில் என்ன மரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று பேசிக்கொண்டிருந்தால் அவர்களாகச் சொன்னால் சொல்வார்கள், சொல்லாவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும்.

என்னைத் திருத்திய பெரியவரை இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்க. "அதில என்ன தம்பி, உங்கட சித்திரை வேற, எங்கட சித்திரை வேற" என்று முடித்துவிட்டார். அப்புறம் அவராகவே, அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஓடிவந்து தன் அம்மாவிடம் சாரம் ஒன்று கேட்டதைச் சொன்னார். சாரம் என்றால் நம் கைலி. அவன் ரெலோ, போட்டிருந்தது ஜீன்ஸ், தெருவில் பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா அப்பாவின் சாரத்தைக் கொடுத்து, முன்வாசல் வேண்டாம் என்று கிணற்றடி வேலியைக் காட்டிவிட்டாராம். அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டீஸ் அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். புலிகள் இயக்கம் 1992-லிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வரலாற்றைப் படிப்பதும் பேசுவதும் வேறு, தடை செய்த அமைப்புக்கு ஆதரவு திரட்டுவது வேறு. அந்த வித்தியாசம் நோட்டீஸிலேயே தெரிய வேண்டும். கொடி, புலிச் சின்னம், தலைவர் படம் எதுவும் வேண்டாம், "1984-86: ஓர் இயக்கக் கூட்டு, ஒரு பார்வை" என்று சப்பென்று போடுங்கள், வருகிற கூட்டம் வரும். இடம் கொடுக்கிறவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சாவி கிடைக்காமல் தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? பெயர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். சுவரில் தாளை ஒட்டிவிட்டு அதைக் காட்டியே இருபது நிமிடம் பேசுங்கள். முடிக்கும்போது அந்த நாலு பேர் படத்தைக் காட்டி, ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சிறீ சபாரத்தினம், 1986 மே, கோண்டாவில், புலிகள் கொன்றார்கள். அதே வருடம் டிசம்பரில் புலிகள் ஈ.பி.ஆர்.எல்.எஃப் மீதும் பாய்ந்தார்கள், பத்மநாபாவை 1990 ஜூன் 19-ல் சென்னை கோடம்பாக்கத்தில் வைத்துக் கூடவே இருந்தவர்களோடு சுட்டுக் கொன்றார்கள். ஈரோஸ் 1990-ல் புலிகளோடு கரைந்தது. பாலகுமாரன் 2009 மே மாதம் ராணுவத்திடம் சரணடைந்ததாகச் சொல்கிறார்கள், அப்புறம் திரும்பவில்லை. பிரபாகரன் அதே மே மாதம் நந்திக்கடல் பக்கம் முடிந்தார். படத்தில் இல்லாத உமாமகேஸ்வரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1989 ஜூலையில் கொழும்பில் சுடப்பட்டவர்.

மிச்ச நேரம் முழுக்கக் கேள்விக்கு விடுங்கள். மதுரையில் பேசுகிறீர்கள் என்றால் பத்தாவது நிமிடம் கலைஞரா எம்.ஜி.ஆரா என்று சண்டை தொடங்கும், இது எழுதி வைத்த விதி. தடுக்க முயற்சி செய்யாதீர்கள். ஸ்கேலை எடுத்துத் தாளின் மூன்றாவது பத்தியிலிருந்து முதல் பத்திக்கு நகர்த்தி, "அண்ணே, இதே தேதியில் இங்கே என்ன?" என்று கேளுங்கள், அனேகமாகப் பேச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் டீயை முன்னதாகவே இறக்கச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 29-க்குப் பக்கத்தில் சித்திரை என்றும் எழுதிவையுங்கள், பின்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.